ஆடம்ஸ் ஃபேமிலி எங்க இருந்து ஆரம்பிச்சது?

கருப்புப்பூனை:
ஆடம்ஸ் ஃபேமிலியோட பொண்ணைப் பத்தின வெட்னஸ்டே சீரிஸ் பாத்து முடிச்சேன், செமயா இருந்துச்சு. பழைய கார்ட்டூன்ல இருந்து வந்ததுன்னு சொல்றாங்களே, அது காமிக்ஸ் மாதிரி தொடர்கதையா வந்துச்சா? யாரு வரைஞ்சது? இதே மாதிரி பேய்க் குடும்பம் வர்ற மன்ஸ்டர்ஸ் சீரியல் இதைப் பாத்து எடுத்ததா, இல்ல அதுதான் முதல்லயா? விவரமா சொல்லுங்க.

மைக்கூடு:
தொடர்கதையே இல்ல ப்ரோ. ஒவ்வொண்ணும் ஒரே ஒரு படம், கீழ ஒரு வரி, பல சமயம் அதுகூட இருக்காது. வரைஞ்சது சார்லஸ் ஆடம்ஸ், நியூஜெர்சி வெஸ்ட்ஃபீல்ட்ல 1912ல பிறந்தவர், நியூயார்க்கர் பத்திரிகையில வந்துச்சு. 1938ல முதல் படம், பாழடைஞ்ச பங்களாவுக்குள்ள ஒரு சேல்ஸ்மேன் வேக்குவம் கிளீனர் விக்க வந்து நிக்கிறான், எதிர்ல கருப்பு டிரஸ்ல இந்தக் குடும்பத்து அம்மா, அவ்ளோதான். எனக்கு உசுரு 1946ல வந்ததுதான், கீழ வாசல்ல கிறிஸ்துமஸ் பாட்டு பாட ஒரு கூட்டம், மேல மாடியில இவங்க கொதிக்கிற அண்டாவைக் கவுக்க ரெடியா நிக்கிறாங்க. ஊத்தறதை அவர் வரையவே இல்ல பாருங்க, அந்த அடுத்த நொடிய நம்ம தலைக்குள்ள ஓட விட்டுட்டார், அதுதான் அவரோட கெத்து.

பழையரீல்:
பத்திரிகைப் படங்கள்ல இவங்க யாருக்கும் பேரே கிடையாது! 1964ல ஏபிசி டிவி சேனல் சீரியல் எடுத்தப்ப ஆடம்ஸ் வச்ச பேருங்கதான் நிலைச்சது. அப்பாவுக்கு கோமெஸ், ரெப்பெல்லின்னு ரெண்டு பேர் சொல்லி, நடிகர் ஜான் ஆஸ்டினையே எடுத்துக்கச் சொல்லிட்டாங்க. புருஷனும் பொண்டாட்டியும் உருகி உருகிக் காதலிக்கிறதும் அந்த 64 எபிசோட்ல நிலைச்சதுதான், அது இல்லாட்டி இந்தக் குடும்பம் இவ்ளோ நாள் தாங்கியிருக்காது. ஆனா அதுல வெட்னஸ்டே சிரிச்ச முகமா சுத்திட்டு இருப்பா, உம்முனு இருக்கற மூஞ்சி மறுபடி வந்தது 1991 படத்துல கிறிஸ்டினா ரிச்சி நடிச்சப்ப.

மைக்கூடு:
@பழையரீல் காதல் சரிதான், ஆனா டிவியால ஒரு நஷ்டமும் ஆச்சு. சீரியல் வந்ததும் நியூயார்க்கர் எடிட்டர் வில்லியம் ஷான் இந்தக் குடும்பப் படங்களை போடறதையே நிறுத்திட்டார், 1987ல அவர் எடிட்டர் வேலையை விட்டுப் போன பிறகுதான் திரும்ப வந்துச்சு, 1988ல ஆடம்ஸ் இறந்துட்டார். இருபது வருஷத்துக்கு மேல வீணாப் போச்சு, அதை நினைச்சா இன்னும் ஆத்தாமையா இருக்கு.

பழையரீல்:
@கருப்புப்பூனை மன்ஸ்டர்ஸ் கேட்டீங்கல்ல, ரெண்டும் 1964 செப்டம்பர்தான், ஆடம்ஸ் ஏபிசியில 18ம் தேதி, மன்ஸ்டர்ஸ் சிபிஎஸ்ல 24ம் தேதி. பத்திரிகையில வந்த கார்ட்டூனை வச்சுப் பாத்தா ஆடம்ஸ் 26 வருஷம் மூத்தது.

கருப்புப்பூனை:
சூப்பர், ரெண்டு பேருக்கும் தேங்க்ஸ். அந்த அண்டா படத்தைத்தான் முதல்ல தேடப் போறேன்.