பழைய புல்லட் 350: லேத்தில் என்ன வேலை கொடுக்கணும்?

கேள்வி: வார்ப்பிரும்பு இன்ஜின். நீலப்புகை, ஆயிலும் குறைகிறது. பிரித்தாயிற்று. ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), வால்வு, கிராங்க் (பிஸ்டன் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) மூன்றும் செய்யணும் என்கிறார் மெக்கானிக். எல்லாம் தேவையா அண்ணா?

பதில்: அளக்காமல் கொடுக்காதே தம்பி. அசல் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ.; போர் அளக்கும் கேஜை மேலே, நடுவே, கீழே வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகப் பார், பிஸ்டன் ரிங் ஓடும் மேல்பகுதியில் நகம் தட்டுகிற அளவுக்கு வரம்பு விழுந்திருந்தால் ரீபோர்தான். பிஸ்டனை முதலில் வாங்கிக் கையோடு கொடு, அதை அளந்துதான் போர் போடணும்.

பதில்: ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடி) வால்வுகளோடு கவிழ்த்துக் குழியில் பெட்ரோல் ஊற்றுங்கள். போர்ட் (காற்றும் புகையும் போகும் துளை) வழியே கசிந்தால் சீட் கட்டிங், அதாவது வால்வு உட்காரும் இடத்தைச் சீராக வெட்டுவது. வால்வு கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழாய்) ஆட்டத்தையும் பாருங்கள், புகைக்கு அதுவும் காரணமாகலாம்.

பதில்: கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைப்பது) மேலும் கீழும் அசைந்தால் மட்டும் கிராங்கைப் பிரியுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு.

கேட்டவர்: நகம் தட்டுகிறது, ராடு அசையவில்லை. சரி, கிராங்கைத் தொடவில்லை. ரொம்ப நன்றி அண்ணா!