வேலூர்ச் சிப்பாயின் உடையைத் தேடியபோது

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று வெடித்த சிப்பாய்ப் புரட்சியைப் பற்றிய கல்லூரி நாடகம் ஒன்றுக்கு உடை தைத்துத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, துணியில் கத்தரிக்கோல் வைப்பதற்கு முன் நான் பார்த்தவற்றையும் சந்தித்தவர்களையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். மற்ற சரித்திர நாடகங்களில் உடை கதைக்குத் துணையாக நிற்கும். வேலூர்க் கதையிலோ உடையே கலகத்துக்கு ஒரு காரணம். சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக ஜான் கிரடாக் இருந்த காலத்தில், 1805 நவம்பரில், ஐரோப்பியரின் தொப்பியை ஒத்த புதிய தலைப்பாகை கொண்டுவரப்பட்டது. அதில் தோலால் செய்த சின்னம் பொருத்தப்பட்டிருந்தது. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் குறி இடக் கூடாது, காதணி அணியக் கூடாது, முகவாயை மழித்திருக்க வேண்டும் என்ற விதிகளும் அதனுடன் சேர்ந்தன. இவற்றைப் படித்த பிறகு, அந்தத் தலைப்பாகையை ஏனோதானோவென்று தைத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நாடகத்தை இயக்கிய பேராசிரியர், வாடகைக் கடையில் கிடைக்கும் காக்கி உடையே சிப்பாய்களுக்குப் போதும் என்று முதலில் கருதினார். காக்கி என்பது 1840களில் வடமேற்கு எல்லையில் திரட்டப்பட்ட கைட்ஸ் படையிலிருந்து பரவிய நிறம் என்றும், வேலூரில் நின்றவர்கள் சிவப்புச் சட்டைக்காரர்கள் என்றும் நான் எடுத்துச் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டார். ஆயினும் அவரை முழுமையாக மாற்றியது காதணி பற்றிய விதிதான். தடை வந்தது என்றால் அதற்கு முன் சிப்பாய்கள் காதணியும் திருநீறும் நாமமுமாகவே அணிவகுப்பில் நின்றிருக்கிறார்கள் என்பதை அவர் உடனே பிடித்துக்கொண்டார். முதல் காட்சியில் அவற்றோடு வரும் அதே நடிகர்கள், உத்தரவு வந்த பிறகு வெறும் நெற்றியும் வெறும் காதுமாக வந்து நிற்கும்படி காட்சியை அவர் மாற்றியமைத்தார். வசனத்தில் அரைப் பக்கம் விளக்க வேண்டியதை அந்த இரண்டு தோற்றங்கள் சொல்லிவிட்டன.

சிப்பாயின் உடைக்கு எனக்குப் பெரிதும் உதவியவை, அரச பீரங்கிப் படையைச் சேர்ந்த சார்லஸ் கோல்ட் என்ற அதிகாரி 1791 முதல் 1798 வரை இங்கே வரைந்து, 1806இல் இலண்டனில் வெளியிட்ட படங்கள். அவற்றில் காவல் முடித்துக் குடும்பத்தோடு செல்லும் சென்னைச் சிப்பாய் ஒருவரும் இருக்கிறார். அக்காலச் சிப்பாயின் உடை என்பது இடுப்பு வரை சிவப்புக் கம்பளிச் சட்டை, இடுப்பில் கச்சை, முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும் வெள்ளை அரைக்கால் சராய், காலில் செருப்பு என்பதாகும். நம் நாடக மேடைகளில் சிப்பாய்க்கு நீண்ட கால்சட்டையும் பூட்சும் மாட்டிவிடும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதே வேளையில், படத்தில் அச்சிட்ட ஆண்டு 1806 என்பதால் உடையும் 1806ஆம் ஆண்டினது என்று எடுத்துக்கொள்ளலாகாது. வரைந்தது அதற்குச் சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன். ஆகவே அந்தப் படங்களை உத்தரவுக்கு முந்தைய காட்சிகளுக்கு மட்டும் ஆதாரமாகக் கொண்டேன்.

தஞ்சாவூர் ஓவியர்கள் கிழக்கிந்தியக் கும்பெனி அதிகாரிகளுக்காகத் தீட்டிய படத் தொகுப்புகளையும் பார்த்தேன். கணவனும் மனைவியும் அருகருகே நிற்க, சாதியையும் தொழிலையும் காட்டும் படங்கள் அவை. சேலைக் கட்டு, கச்சையின் அகலம், தலைப்பாகையின் மடிப்பு ஆகியவற்றுக்கு அவை பெரும் புதையல். ஆனால் வாங்குகிறவர் விரும்பியபடி ஒரே மாதிரியைப் பார்த்துத் திரும்பத் திரும்ப எழுதப்பட்டவை என்பதால், ஒரே உருவம் பல தொகுப்புகளில் இருப்பதைப் பல சாட்சிகளாக எண்ணிவிடக் கூடாது.

ஓவியரையும் விசாரிக்க வேண்டும் என்பதை எனக்கு நன்கு புரியவைத்தவை, திப்பு சுல்தானின் இரு மகன்கள் 1792இல் ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் காரன்வாலிசிடம் பிணையாக ஒப்படைக்கப்பட்ட காட்சியைக் காட்டும் ஓவியங்கள். ஓவியர் ராபர்ட் ஹோம் காரன்வாலிசின் படையோடு இருந்தவர். மேதர் பிரவுன் இந்தியாவுக்கு வராமலே இலண்டனில் அமர்ந்து அதே காட்சியைத் தீட்டினார். சிறுவர்கள் நீண்ட வெள்ளை மஸ்லின் அங்கியும் சிவப்புத் தலைப்பாகையும் முத்துமாலைகளும் அணிந்திருந்ததாக அக்காலப் படை அதிகாரி ஒருவரின் நூல் கூறுகிறது. திப்புவின் குடும்பம் 1799க்குப் பின் வேலூர்க் கோட்டையில்தான் வைக்கப்பட்டிருந்தது என்பதால், மைசூர் இளவரசர்களுக்கான உடைகளை இந்த வரிகளையும் ஹோமின் ஓவியத்தையும் வைத்தே தைத்தேன். பிரவுனின் ஓவியம் கண்ணைப் பறிக்கும் அழகுடையதாயினும் அதை ஒதுக்கிவைத்தேன்.

புதிய தலைப்பாகைக்கு வருகிறேன். மூங்கில் சிம்பில் கூடு கட்டி, அதன்மேல் துணியை இறுக இழுத்துச் சுற்றி, தொப்பியின் உருவம் தெரியுமாறு அமைத்தேன். தோல் சின்னத்தை ரெக்சினில் செய்யலாம் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். நான் உண்மையான தோலையே வாங்கினேன். அதைக் கையில் எடுத்த மாணவர் ஒருவர் முகர்ந்து பார்த்துவிட்டு, தலையில் வைக்காமல் சற்று நேரம் பேசாமல் நின்றார். அந்தத் தயக்கத்தை அப்படியே மேடையில் காட்டும்படி பேராசிரியர் அவரிடம் கேட்டுக்கொண்டார்.

*

மேலே எழுதிய சகோதரிக்கு என் நன்றி. பல ஆண்டுகளாகக் கோட்டு தைத்துவரும் தையற்காரன் என்ற முறையில், துணியைப் பற்றி மட்டும் என் அனுபவத்தைச் சேர்க்க விரும்புகிறேன். அக்காலச் சிவப்புச் சட்டைக்கு உரிய துணி சகலாத்து என்னும் கம்பளித் துணி. நெய்தபின் நனைத்து மிதித்து இழைகளை இறுக்கியிருப்பார்கள் என்பதால், வெட்டிய ஓரம் பிசிறு விடாது. மடித்துத் தைக்காமல் அப்படியே விட்டுவிடலாம். இன்று கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் கலந்த துணியில் ஓரத்தை மடிக்க வேண்டியிருப்பதால், கழுத்துப் பட்டையும் கைமடிப்பும் தடித்து, பழைய ஓவியங்களில் தெரியும் கூர்மையான விளிம்பு போய்விடுகிறது. நல்ல தடிமனான கம்பளித் துணியை வெந்நீரில் நனைத்துச் சுருங்கவைத்த பிறகு வெட்டிப் பாருங்கள். வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

தையல் இயந்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பரவியது. எனவே 1806க்குரிய சட்டையில் வெளியே தெரியும் தையல் எல்லாம் கைத்தையலாக இருக்க வேண்டும். உட்புறத்தை இயந்திரத்தில் தைத்து, விளிம்பிலும் பொத்தான் துளையிலும் மட்டும் கையால் தைப்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன். பத்துப் பதினைந்து சிப்பாய்களுக்கு உடை வேண்டும்போது வேறு வழியில்லை. நிறத்தில் கூடுதல் கவனம் வேண்டும். செயற்கைச் சாயங்கள் 1856க்குப் பிறகு வந்தவை. கச்சையின் நீலம் அவுரி தரும் ஆழ்ந்த நீலமாக இருக்கட்டும். பெண்களின் சேலையில் வரும் சிவப்பு சோழமண்டலக் கரையின் சாயவேர் தந்த செம்மண் கலந்த சிவப்பாக இருக்கட்டும். துணியைக் கடை விளக்கில் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், ஒரு முழம் வாங்கிவந்து மேடை விளக்கின் கீழ் விரித்துப் பார்த்த பிறகே மீதியை வாங்குங்கள்.