வற்புறுத்தலா, நிர்ப்பந்தமா?

கேள்வி (டர்பன்):
1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி எங்கள் சங்க மலருக்கு எழுதுகிறேன். ஒப்பந்தம் முடிந்தவர்கள்மீது 1895-ஆம் ஆண்டுச் சட்டம் சுமத்திய 3 பவுன் வரியை ‘வற்புறுத்தல்’ எனலாமா?

மறுமொழி:
வேண்டாம், ஐயா. விருந்தினரை இன்னொரு இட்லி உண்ணச் சொல்வதும் வற்புறுத்தல்தான், மறுத்தால் கேடில்லை. ஊர் திரும்பு, மறுபடி ஒப்பந்தத்தில் சேர், இல்லையேல் ஆண்டுதோறும் வரி கட்டு என்னும்போது, கட்டத் தவறியவருக்குச் சிறையும் காத்திருந்ததால், அது நிர்ப்பந்தம்.

இன்னொருவர்:
‘பலவந்தம்’ பொருந்தாதா?

மறுமொழி:
பலவந்தத்தில் உடல்மேல் கை விழுகிறது, இசைவுக்கே இடமில்லை. நிர்ப்பந்தத்திலோ கைநாட்டு வைப்பவர் அவரே, மற்ற வழிகளை அடைத்தவர் வேறொருவர்.

மூன்றாமவர்:
‘சூழ்நிலையின் நிர்ப்பந்தம்’ என்றும் சொல்கிறோமே? 

மறுமொழி:
ஆம், அப்படிச் சொல்லும்போது வழியை அடைத்தவர் யாரென்பது மறைந்துவிடுகிறது. ஆகவே ‘அரசின் நிர்ப்பந்தம்’ என்றே எழுதுங்கள்.

கேட்டவர்:
நன்றி. வரி 1914-இல் நீக்கப்பட்டதைச் சொல்லும் பத்தியிலும் அவ்வாறே திருத்துகிறேன்.