அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகலாமா?

விளைக்காரி: அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் 2 ஏக்கர் ரப்பர். "லோன் போடணும், ஒரு கையெழுத்து" என்று அண்ணன் கேட்டார், போட்டேன். அது என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்று 8 மாதம் கழித்துத்தான் தெரிந்தது. 10 வருடமாகப் பேச்சில்லை. இப்போது அவர் மகளுக்குக் கல்யாணம். மைனி (அண்ணன் மனைவி) வந்து, "மன்னிச்சு வந்திரு மக்களே" என்று அழுதார்கள். அண்ணன் வரவில்லை.

வேணாட்டான்: போங்கள் அக்கா. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? நம் அம்மாமார் பங்கா கேட்டார்கள்? சீதனத்தோடு போனார்கள், உறவு நின்றது.

தக்கலைக்காரி: கேட்கவில்லையா, கேட்க வழியில்லையா? திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. அந்தச் சட்டம் 1951-லேயே காலாவதி என்று 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. (நம் மாவட்டத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு முன்பே சொல்லிவிட்டது. யார் காதில் விழுந்தது?) ஏமாற்றி வாங்கிய பத்திரம் என்று வழக்குப் போட, தெரிந்த நாளிலிருந்து 3 வருடம்தான். அக்காவுக்கு அதுவும் போச்சு. கையில் மிச்சம் இருப்பது "வரமாட்டேன்" ஒன்றுதான், அதையும் கேட்கிறீர்களே.

வேணாட்டான்: பிள்ளையின் பந்தலில் வைத்தா கணக்குத் தீர்ப்பது?

பால்வெட்டு: நான் அந்த அண்ணன் இடத்தில் இருந்தவன். தங்கையின் 15 சென்ட். ஒரு கிறிஸ்துமஸ் அன்று, நான் கேட்காமலே, "போட்டும் அண்ணா, மன்னிச்சாச்சு" என்றாள். கோபம்தான் வந்தது. என்னை மன்னிக்க இவள் யார்? அதுவரை வீட்டில் என் சொல்தானே சொல். 4 வருடம் அவள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அப்புறம் பாதியை எழுதிக் கொடுத்தேன். இப்போது அவள் தரும் சாயா இறங்குகிறது.

தக்கலைக்காரி: மீதிப் பாதி?

பால்வெட்டு: அதில் வீடு கட்டிவிட்டேன்.

வேணாட்டான்: பாதி கொடுத்தீர்களே, அது பெரிசு.

தக்கலைக்காரி: அவருடையதைக் கொடுத்திருந்தால் பெரிசு.

விளைக்காரி: பிள்ளைக்கு மோதிரம் எடுத்துவிட்டேன், அதில் மாற்றமில்லை. நேற்று மைனி போன் செய்தார்கள். "அண்ணனிடம் கொடுங்கள்" என்றேன். குளிக்கிறார் என்றார்கள். பக்கத்திலேயே அண்ணன் இருமுவது கேட்டது.