உண்மை பொய்யாகுமா? தரம் 12க்கு ஒரு சொல் தேவை

ஹட்டன் டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். உயர்தர அளவையியலும் விஞ்ஞானமுறையும் பாடத்துக்குச் செயலட்டை தயாரிக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஃபெக்ட்’ (fact) வேறு, ‘ட்ரூத்’ (truth) வேறு. நம் பிள்ளைகளுக்கு இரண்டும் உண்மைதான். “உண்மைகள் எப்போதும் உண்மையா?” என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்தது. கோள்கள் ஒன்பது என்று படிப்பித்தோம், 2006இல் புளூட்டோவைக் குறுங்கோள் ஆக்கியதும் எட்டு என்கிறோம். அப்போ அந்த ஒன்பதை என்னவென்று சொல்வது? முதல் சொல்லான ஃபெக்ட்டுக்கு மட்டும் ஒரு தமிழ் தாருங்கள்.

பதுளை ஐயா:
உண்மையைக் கைவிடாதீர்கள் டீச்சர். உள் என்ற அடியில் பிறந்தது, உள்ளதன் தன்மை. உள்ளம், வாய், மெய் மூன்றுக்கும் உண்மை, வாய்மை, மெய்ம்மை என்று பங்கு பிரிப்பது மேடைக்கு நல்லது, இலக்கணத்துக்கு உதவாது. வள்ளுவர் வாய்மையைத் ‘தீமை இலாத சொலல்’ என்கிறார், அடுத்த குறளிலேயே பொய்மைக்கும் வாய்மையின் இடத்தைக் கொடுத்துவிடுகிறார். ஆக வாய்மை சொல்லைச் சேர்ந்தது, உண்மை இருப்பைச் சேர்ந்தது. ட்ரூத் வாய்மை, ஃபெக்ட் உண்மை. முடிந்தது. அகவயம் (மனத்தைச் சார்ந்தது), புறவயம் (வெளியே உள்ளதைச் சார்ந்தது) என்று பாடநூலில் போடுகிறார்களே, அதற்கும் வேர் தொல்காப்பியம்தான் என்பேன். அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது என்ற விதியை ஏன் வைத்தார்கள்? அது தனிக் கட்டுரை, பிறகு எழுதுகிறேன்.

கண்டி மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, கட்டுரை வரட்டும், வெள்ளி வந்துவிடுமே! நான் ‘நேர்வு’ என்று போடுகிறேன். நேர்ந்தது நேர்வு. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 3ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவர் ஓர் அபிப்பிராயம் வைத்திருக்கிறார், அவருக்கு ஓர் எண்ணம் இருக்கிறது என்பதெல்லாம்கூட அங்கே ஃபெக்ட்தான். அபிப்பிராயம் பிழையாக இருக்கலாம், அவர் அதை வைத்திருப்பது நேர்வு. இதற்கு ‘உண்மை’ போட்டால் நீதிமன்றத்தில் குழப்பம்தான் வரும். புளூட்டோ விஷயத்திலும் வானத்தில் ஒன்றும் மாறவில்லை, கோள் என்பதற்கான வரையறைதான் மாறியது.

நுவரெலியா தோழர்:
நேர்வு என்றால் எங்கள் பிள்ளைகள் நேர்முகப் பரீட்சையா சேர் என்று கேட்கும். ‘தகவல்’ போதாதா? உங்கள் வானமும் சட்டமும் இருக்கட்டும், தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிகிற செக்ரோலைப் பாருங்கள். ஒரு பெண் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் நின்று மலைக்கு ஏறுகிறாள், அந்தியில் கொழுந்தைத் தராசில் போடுகிறாள், சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு, போக மிச்சம் அன்றைய அளவுக்கு ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர். அரை நாள் வேலை செய்தாள் என்று கையெழுத்தோடு எழுதியாயிற்று. அவள் நின்றது முழு நாள். ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்பது நிறுக்கிறவரின் கண் மதிப்பு. அந்தக் கண் மதிப்பு எழுத்தில் ஏறியதும் அதை யாரும் அபிப்பிராயம் என்று சொல்வதில்லை. இதற்கு எந்தச் சொல், சொல்லுங்கள் பார்ப்போம்.

ஹட்டன் டீச்சர்:
தோழர், இதை அப்படியே செயலட்டையில் போடுகிறேன். குடிசன மதிப்பீட்டையும் சேர்க்கலாம். இலங்கைச் சனத்தொகையில் ‘இந்தியத் தமிழர்’, அதாவது மலையகத் தமிழர், 1981இல் 5.5 வீதம், 2012இல் 4.1 வீதம். 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் ஒரு பக்கம், ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்துகொண்டவர்கள் மறுபக்கம். கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆனால் எண்ணப்பட்டது வாசலில் நின்றவருக்கு வீட்டுக்காரர் சொன்ன பதில்.

கண்டி மொழிபெயர்ப்பாளர்:
அதனால்தான் தகவல் வேண்டாம் என்கிறேன். தகவல் பிழையாக வரலாம் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் கேள்வியே செத்துப்போகும். பிழைக்காது என்று நம்ப வைக்கிற ஒரு சொல் வேண்டும், அப்போதுதான் பிள்ளைகள் அதோடு மல்லுக்கட்டுவார்கள்.

பதுளை ஐயா:
அதற்குத்தான் உண்மை என்றேன்.

நுவரெலியா தோழர்:
சரி, நேர்வே இருக்கட்டும், எனக்கு ஆறு மணி பஸ். ஆனால் முதல் தடவை வருகிற இடத்தில் ‘உண்மைத் தகவல்’ என்று பக்கத்தில் போடுங்கள், பிள்ளைகள் பாவம்.

ஹட்டன் டீச்சர்:
நேர்வு, பக்கத்தில் உண்மைத் தகவல். மற்றவர்கள் மௌனம், அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன். ட்ரூத்துக்கு மெய்மை. நன்றி.

பதுளை ஐயா:
நான் சம்மதிக்கவில்லை, பதிந்து வையுங்கள். ‘உண்மைத் தகவல்’ என்று ஒன்று இருந்தால் பொய்த் தகவலுக்கும் நேர்வு என்றுதானே பெயர் வைக்க வேண்டும்? அப்புறம், அது மெய்ம்மை டீச்சர். ‘ம்’ விட்டுப்போயிற்று.