புதுப்பிப்பு: குளுகுரோனைடு ஒட்டிய இடம் தெரிந்துவிட்டது

மருந்தை வெளியேற்ற உடல் அதில் ஒட்டும் சர்க்கரை அமிலத் துண்டுதான் குளுகுரோனைடு. எங்கள் மருந்தில் அது பீனாலிலா (வளையத்தில் உள்ள OH), கார்பாக்சில் அமிலத்திலா (COOH), எதில் ஒட்டியிருக்கிறது என்று முந்தைய இழையில் கேட்டிருந்தேன். துண்டுகளின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானியில் (mass spectrometer) மூலக்கூறை வாயுவோடு மோதவிட்டு உடைத்தால் பலவீனமான பிணைப்புதான் முதலில் அறும், 176.032 நிறையுள்ள குளுகுரோனைடு அப்படியே கழன்று, வெறும் மருந்துதான் மிஞ்சும். அது எங்கே ஒட்டியிருந்தது என்று தெரியாது. பாராசிட்டமால் குளுகுரோனைடும் இப்படித்தான்: நிறை 328 நேராக 152 ஆகும் (வெறும் பாராசிட்டமால்), அப்புறம் அதுவும் உடைந்து 110. மோதல் ஆற்றலைக் கூட்டியும் பலனில்லை.

நீங்கள் சொன்னபடி எலக்ட்ரானால் உடைத்துப் பார்த்தோம், இதில் பலவீனமான பிணைப்பு அறாமலே மற்ற இடங்களும் உடையும். பெங்களூருவில் அந்தக் கருவி இருக்கும் ஆய்வகத்தில் நம்ம மதுரை அக்கா ஒருவர் இருந்தது பெரிய உதவி. பீக் (நிறமாலையில் தெரியும் முகடு) சின்னதுதான், ஆனால் பீனால் உள்ள துண்டு 176-ஐச் சுமந்தபடியே வந்திருக்கிறது! சந்தேகம் தீர ஹைட்ராக்சிலமீன் என்ற வேதிப்பொருளையும் சேர்த்தோம். அமிலத்தில் ஒட்டியிருந்தால் வினை நடந்திருக்கும், நடக்கவில்லை. சரி, பீனால்தான். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.