அம்மாவின்ர காதுக் கருவியைக் கனடாவுக்கு அனுப்ப வழி தேவை

திருகோணமலை உவர்மலையில இருந்து எழுதுறன். அம்மா மூண்டு கிழமைக்கு முதல் டொரொன்டோ போனவ. காது கேட்கிற கருவியும் அதின்ர சார்ஜிங் பெட்டியும் இஞ்ச மேசையிலயே கிடந்திட்டுது. வீடியோவில பேரன் கதைக்கேக்க அவன்ர வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறா, பாவம்.

காதுக்குப் பின்னால போடுற வகை. பெட்டியின்ர அடியில லித்தியம் அயன், 3.7 வோல்ட், 800 எம்ஏஎச் எண்டு பொறிச்சிருக்கு. கணக்குப் பார்த்தா 3 வாட் ஹவர் கூட வராது, சின்னப் பற்றரிதான்.

போன செவ்வாய் தபால் கந்தோரில பார்சலைத் திறந்து பார்த்திட்டு, லித்தியம் பற்றரி போகாது எண்டு திருப்பித் தந்திட்டினம். தனிப் பற்றரி, பவர் பாங்க் எல்லாம் சர்வதேசத் தபாலில கூடாது எண்டு எனக்கும் தெரியும். ஆனா கருவிக்குள்ள பூட்டின சின்னப் பற்றரிக்கு உலகத் தபால் ஒன்றியத்தின்ர விதியில இடமிருக்கு, அனுப்புற நாடும் போய்ச் சேருற நாடும் ஏற்றுக்கொண்டால்.

ஒரு கூரியரில பற்றரியின்ர பாதுகாப்புத் தரவுத் தாள் கேட்டவை. கருவி வாங்கின இடத்துக்கு ரெண்டு தரம் கோல் எடுத்தும் கிடைக்கேல்லை. கழட்டவும் ஏலாது, ஒட்டி மூடின பெட்டி. கனடா போற ஆக்களையும் விசாரிச்சன், இப்போதைக்கு ஒருத்தரும் இல்லை.

இப்பிடிப் பற்றரி பூட்டின கருவியைக் கிட்டடியில கனடாவுக்கு அனுப்பினாக்கள், எந்த வழியால, என்ன கடதாசி குடுத்து அனுப்பினனீங்கள்?